வாகனத்தின் உரிமையும் வழித்தடத்தின் உரிமையும்

ஒருவர் தமக்குச் சொந்தமான பொருள் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கு எவருடைய இசைவும் தேவையில்லை என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பாத மாட்டைத் தேடுபவர் அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்டுப் புறப்படுவதில்லை. மோட்டார் காருக்கும் இது பொருந்தும் என்றே தோன்றும். ஆயினும், கைப்பேசிச் செயலியின் வாயிலாகத் தம் காரின் இருப்பிடத்தை அறிய முற்படும் உரிமையாளருக்குச் சில வரம்புகள் குறுக்கிடுவது உண்டு. சில செயலிகள் குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் நிற்கும் காரைக் காட்ட மறுத்துள்ளன. வேறு சில, காரினுள் இருப்பவரே இருப்பிடப் பகிர்வை நிறுத்திவைக்க வழிவிடுகின்றன. விலை கொடுத்து வாங்கியவர்கள் இதனைக் குறைபாடாகக் கருதுவது இயற்கை. எனினும் இவ்வரம்புகளுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. அக்கொள்கை யாது, நம் நாட்டுச் சட்டம் அதனை எவ்வளவு தூரம் ஏற்றுள்ளது, எங்கே இடைவெளி விட்டுள்ளது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருப்பிடம் அறியப்படும் முறை

விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் நம் காரைக் கண்காணிக்கிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்களாயினும், 2013 ஜூலை 1 அன்று முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட நம் நாட்டின் நாவிக் அமைப்பாயினும், அவை நேரக் குறிப்புடன் கூடிய வானொலி அலைகளை அனுப்புவதோடு தம் பணியை முடித்துக்கொள்கின்றன. குறைந்தது நான்கு கோள்களிலிருந்து வரும் அலைகளைப் பெற்று, அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தன் இடத்தைக் கணக்கிடுவது காரில் பொருத்தப்பட்ட ஏற்பிக் கருவியே ஆகும். இதுவரை, காரின் இருப்பிடம் காருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காரிலேயே பொருத்தப்பட்ட சிம் அட்டை அந்த இருப்பிடத்தைக் கைப்பேசி வலையமைப்பின் வழியாகத் தயாரிப்பு நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. உரிமையாளரின் செயலி அக்கணிப்பொறியிடம் கேட்டுப் பெற்ற புள்ளியையே வரைபடத்தில் காட்டுகிறது. ஆகவே, ‘என் கார் எங்கே?’ என்று ஒருவர் கேட்கும்போது விடை அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. நிறுவனம் அதனை முன்னரே அறிந்திருக்கிறது. செயலியின் கடவுச்சொல்லை அறிந்த எவரும் அதனை அறியலாம். நிறுவனத்தின் பாதுகாப்பு தவறினால் முன்பின் அறியாதவரும் அறியலாம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற கார்களிலிருந்து இவ்வசதி பரவலான கவனத்தைப் பெற்றது. இன்று நடுத்தர விலைக் கார்கள் பலவற்றிலும் இது கிடைக்கிறது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. வரைபடப் புள்ளி எப்போதும் துல்லியமானதன்று. கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ளவை போன்ற குறுகிய கடைத்தெருக்களில் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பல மீட்டர் பிழை நேரக்கூடும். மிளகுக் கிடங்கின் வாயிலில் நின்ற கார் அடுத்த கட்டடத்தில் நின்றதாகத் தோன்றலாம். அப்புள்ளியை மட்டும் சான்றாகக் கொண்டு ஓட்டுநரை ஐயுறுவது நியாயமாகாது.

ஒரே சாலையில் மூன்று வாகனங்கள்

கொச்சியை அடுத்துப் பெரியாற்றங்கரையில் அமைந்துள்ள ஏலூர் கேரளத்தின் பழமையான தொழில் நகரங்களுள் ஒன்று. 1943-ல் நிறுவப்பட்டு 1947-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும், அதனைச் சூழ எழுந்த ரசாயனத் தொழிற்சாலைகளும் இங்கு உள்ளன. இந்நகரின் சாலையில் செல்லும் மூன்று வகை வாகனங்களை ஒப்பிட்டால் நம் பொருள் தெளிவாகும்.

முதலாவது, பயணிகள் பேருந்து. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 நவம்பரில் சேர்க்கப்பட்ட 125-எச் விதி, பொதுச் சேவை வாகனங்களில் இருப்பிடம் அறியும் கருவியும் அவசரகாலப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என வகுத்தது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் பதிவு செய்யப்படும் புதிய வாகனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. கேரள மோட்டார் வாகனத் துறை ‘சுரக்ஷா மித்ரா’ என்ற பெயரில் இதனை நடைமுறைப்படுத்துகிறது. பயணிகளின், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்பே இதன் நோக்கம்.

இரண்டாவது, ரசாயனம் ஏற்றிய டேங்கர் லாரி. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்லும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களிலும் இக்கருவி வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அமிலமோ நச்சு வாயுவோ ஏற்றிய லாரி எங்கே நிற்கிறது என்பது அதன் முதலாளியின் தனிச் செய்தி அன்று. தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் ஏலூர் மக்களுக்கு இதனைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தனியார் கார். இதன் இருப்பிடத்தை அறிவிக்குமாறு எவ்விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அறிவிக்கப்படுகிறது. முதல் இரண்டு வாகனங்களில் நோக்கம் எழுத்தில் உள்ளது. சட்டத்தின் ஆதாரம் உள்ளது. கண்காணிக்கப்படுவதை ஓட்டுநரும் அறிவார். மூன்றாவதில் இவை உரிமையாளரின் விருப்பத்திற்கும் நிறுவனத்தின் ஒப்பந்தப் பத்திரத்திற்கும் விடப்பட்டுள்ளன. கண்காணிப்பு மிகுந்துள்ள இடத்தில் விதி இருக்கிறது. விதி குறைந்துள்ள இடத்தில் கண்காணிப்பு பெருகிவருகிறது என இந்நிலையைச் சுருக்கமாகக் கூறலாம்.

உரிமையாளர் வேறு, உள்ளிருப்பவர் வேறு

காரின் இருப்பிடம் என்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் இருப்பிடமே. ஏலூரில் பணிபுரியும் ஒருவர் தம் காரைக் களமசேரியில் பயிலும் மகளிடம் கொடுத்தால், செயலி காட்டுவது மகள் இருக்கும் இடத்தை. தொழிற்சாலை தன் அலுவலருக்கு வழங்கிய கார் மாலையில் எங்கே நிற்கிறது என்பது அவ்வலுவலரின் சொந்த வாழ்வைப் பற்றிய செய்தி. ஒரு மாத வழித்தடத்தைத் தொகுத்தால் அவர் எந்த மருத்துவரிடம் செல்கிறார், எந்தக் கோவிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ வழிபடுகிறார், எந்தத் தொழிற்சங்க அலுவலகத்திற்குப் போகிறார், எந்த வழக்கறிஞரை நாடுகிறார் என்பன அனைத்தும் வெளிப்பட்டுவிடும். கார் உரிமையாளருடையது என்பதால் இச்செய்திகளும் உரிமையாளருடையவை ஆகிவிடுவதில்லை.

பொருளாதார நோக்கில் இதனைப் பின்வருமாறு விளக்கலாம். முற்காலத்தில் ஒருவரைப் பின்தொடர வேண்டுமாயின் மற்றொருவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். ஒரு நாள் பின்தொடர ஒரு நாள் கூலி. முப்பது நாள் பின்தொடர முப்பது நாள் கூலி. இச்செலவே சாதாரண மக்களின் அந்தரங்கத்திற்கு வேலியாக இருந்தது. இன்று கருவி ஏற்கனவே காரில் உள்ளது. மேலும் ஒரு நாள் கண்காணிப்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ இல்லை எனலாம். இதனால் விளையும் நன்மை உரிமையாளரைச் சேர்கிறது. இழப்போ விற்பனை ஒப்பந்தத்தில் இடம்பெறாத ஓட்டுநரையும் பயணியையும் சேர்கிறது. பொருளியலார் இதனைப் புறவிளைவு என்பர். முன்பு செலவு செய்துவந்த காவலை இனி விதிதான் செய்ய வேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்த ஜோன்ஸ் வழக்கு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. காவல் துறையினர் ஒரு வண்டியில் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தி 28 நாள் பின்தொடர்ந்தனர். வண்டி ஜோன்ஸின் மனைவி பெயரில் பதிவாகியிருந்தது, ஓட்டியவர் ஜோன்ஸ். பதிவுப் புத்தகத்தில் பெயர் இல்லை என்பது அவருடைய உரிமையைக் கெடுக்கவில்லை. கருவியைப் பொருத்திக் கண்காணித்தது அரசியலமைப்பின் வரையறைக்கு உட்பட்ட சோதனையே என நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தனர்.

பிற நாடுகள் வகுத்த எல்லைகள்

ஐரோப்பாவில் இக்கொள்கை மேலும் ஒரு படி சென்றுள்ளது. பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் யூபீக்கோ என்னும் கார் வாடகை நிறுவனத்திற்கு 1,75,000 யூரோ அபராதம் விதித்தது. வாடகைக்கு விட்ட கார் ஓடும்போது ஒவ்வொரு 500 மீட்டருக்கும் அதன் இருப்பிடத்தை நிறுவனம் பதிவு செய்துவந்தது. பதிவுகளை நெடுங்காலம் சேமித்தும் வைத்திருந்தது. திருட்டைத் தடுக்கவும், விபத்தில் உதவவும், வாகனங்களைப் பராமரிக்கவும் இது தேவை என்பது நிறுவனத்தின் வாதம். இந்நோக்கங்களுள் எதுவும் ஏறக்குறைய இடைவிடாத கண்காணிப்பை நியாயப்படுத்தாது என ஆணையம் கருதியது. கார் திருடு போனதாகத் தெரிந்த பின் அதன் இடத்தை அறிந்தால் போதுமே என்பது இம்முடிவின் சாரம். வாகனத்தின் சட்டபூர்வ உரிமையாளருக்கே எல்லை வகுக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு வாரியம் 2021-ல் இறுதி செய்த வழிகாட்டு நெறிகளும் இவ்வழியில் அமைந்தவை. தேவையான பணியை ஒருவர் தொடங்கும்போது மட்டும் இருப்பிடம் பெறப்பட வேண்டும். எந்நேரமும் அதனை நிறுத்தும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் முன்னர் வழங்கிய செயலியில், கைப்பேசி வைத்திருப்பவர் காரிலிருந்து சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தால் மட்டுமே கார் வரைபடத்தில் தென்படும். கார் நிறுத்துமிடத்தில் தம் காரைத் தேடுபவருக்கு இத்தொலைவு போதுமானது. வேறு ஊரில் காரை ஓட்டுபவரை வேவு பார்க்க விரும்புபவருக்குப் போதாது. ஒரே ஓர் எண்ணைக் கொண்டு நோக்கத்தை வரையறுத்த எளிய ஏற்பாடு இது.

எல்லை வகுக்காமல் திரட்டிய செய்தி என்னவாகும் என்பதற்கு 2024 டிசம்பரில் வெளிவந்த நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தைச் சேர்ந்த சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்கள் உரிய காப்பின்றி இணையச் சேமிப்பகத்தில் கிடந்தன. அவற்றுள் சுமார் 4.6 லட்சம் கார்களின் இருப்பிடங்கள் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. ஜெர்மனியின் கணிப்பொறி ஆர்வலர் அமைப்பு ஒன்று கண்டறிந்து தெரிவித்த பின்னரே குறை நீக்கப்பட்டது. சேமித்து வைக்காத செய்தி கசிவதில்லை என்ற எளிய உண்மையை இது உணர்த்துகிறது.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் ஆதாரம், நியாயமான நோக்கம், நோக்கத்திற்கு ஏற்ற அளவு ஆகியவை தேவை எனவும் அத்தீர்ப்பிலிருந்து உணர்கிறோம். 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் விட்டஸ் வழக்கில், ஜாமீனில் உள்ளவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் குறித்துப் புலனாய்வு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்நீதிமன்றம் நீக்கியது. ஜாமீனில் உள்ளவரின் நடமாட்டத்தைக் காவல் துறை இடைவிடாது அறிய உதவும் நிபந்தனை 21-ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அதன் கருத்து. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இவ்வுரிமை உண்டெனில், முதலாளியின் காரை ஓட்டும் ஊழியருக்கு அதனினும் குறைந்த மதிப்பு இருத்தல் முறையாகாது.

ஆயினும் மேற்கண்ட தீர்ப்புகள் முதன்மையாக அரசின் செயல்களைப் பற்றியவை. தனியார் நிறுவனங்களை நெறிப்படுத்துவது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது. இச்சட்டத்தின்படி, குறிப்பிட்ட நோக்கத்திற்குத் தேவையான அளவு தகவலையே இசைவின் பேரில் திரட்டலாம். இசைவைத் திரும்பப் பெறலாம். நோக்கம் நிறைவேறிய பின் தகவலை அழிக்க வேண்டும். உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லக்கூடும்.

சட்டம் விட்டுள்ள இடைவெளிகள்

சிறந்த இச்சட்டத்திலும் கார் செயலியைப் பொறுத்தவரை மூன்று இடைவெளிகள் தென்படுகின்றன.

முதலாவதாக, தகவல் எவரைப் பற்றியதோ அவரே இசைவு தர வேண்டியவர் என்று சட்டம் கருதுகிறது. நடைமுறையில், கார் வாங்கும் நாளில் செயலியில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துபவர் உரிமையாளர். பின்னர் வழித்தடம் பதிவாவது ஓட்டுநருடையது. ஒருவர் கொடுத்த இசைவு மற்றவருக்கும் சேர்த்துக் கொள்ளப்படுகிறது.

இரண்டாவதாக, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் இசைவின்றியே தகவலைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. டேங்கர் லாரி பணியில் உள்ள நேரத்தில் இது பொருத்தமே. பணி முடிந்து ஓட்டுநர் ஓய்வெடுக்கும் நேரத்திற்கும், அலுவலர் காரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் விடுமுறை நாளுக்கும் இது நீளுமா என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது இல்லத் தேவைக்காகத் தகவலைக் கையாள்வது இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளது. எனவே கணவர் மனைவியின் பயணத்தையோ, மாமனார் மருமகளின் பயணத்தையோ செயலியில் பார்த்துக்கொண்டிருப்பதை இச்சட்டம் தொடுவதில்லை. நம் நாட்டுக் குடும்பங்களில் கார் ஒருவர் பெயரில் இருக்க, பலர் அதனை ஓட்டுகின்றனர். தீங்கு மிகுதியாக நேரக்கூடிய இல்லத்திலேயே சட்டத்தின் கை எட்டாமல் நிற்கிறது. செயலியின் வடிவமைப்பிலேயே எல்லை அமைய வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

உரிமையாளரின் பக்க நியாயம்

உரிமையாளரின் கவலைகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. கார் விலையுயர்ந்த உடைமை. பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கப்படுவது. திருடு போனால் முதல் சில மணி நேரத்திற்குள் இடம் தெரிவது மீட்புக்கு இன்றியமையாதது. மேலும், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். இவ்வளவு பொறுப்பைச் சுமத்திவிட்டுக் காரைப் பற்றி எதுவும் அறியக்கூடாது என்று உரிமையாளரிடம் சொல்வது இயலாது. பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு இருப்பிடத்தை அறிவதற்குத் தகவல் பாதுகாப்பு விதிகளே விலக்கு அளித்துள்ளன.

ஆனால் இத்தேவைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அளவு உடையவை. நிறுத்திய காரைக் கண்டுபிடிக்கக் கடைசியாக நின்ற இடம் போதும். திருட்டைக் கண்டறியப் புகார் அளித்த நேரத்திலிருந்து வரும் செய்தி போதும். பிள்ளை ஓட்டுவதைத் தடுக்கச் சாவியைப் பூட்டிவைப்பதே போதும். இவற்றுள் எதற்கும் வயது வந்த ஒருவரின் ஆறு மாத வழித்தடம் தேவைப்படுவதில்லை.

செய்யத்தக்கவை

இந்நோக்கில் சில ஏற்பாடுகளைப் பரிசீலிக்கலாம். செயலி இயல்பாகக் காட்டுவது கார் கடைசியாக நிறுத்தப்பட்ட இடமாக மட்டும் இருக்கலாம். ஓடும் காரின் இருப்பிடம், உள்ளிருப்பவர் ஒப்பும்போதோ திருட்டுப் புகார் பதிவானபோதோ திறக்கப்படலாம். எவரேனும் இருப்பிடத்தைப் பார்க்கும் நேரத்தில் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் ஒரு விளக்கு எரியலாம். பார்க்கப்படுகிறோம் என்று அறிவது உரிமையின் முதற்படி. பணிக்கு வழங்கப்படும் கார்களில் பணி நேரம் முடிந்ததும் பகிர்வை நிறுத்தும் வசதி வேண்டும். வழித்தடப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிட வேண்டும்.

பழைய கார் விற்பனையிலும் கவனம் தேவை. உரிமை மாற்றத்திற்கு 29, 30 எண் படிவங்களைப் பூர்த்தி செய்கிறோம். விற்றவரின் கைப்பேசியில் செயலி இணைப்பு நீங்காமல் இருந்தால், காரை வாங்கிய அறிமுகமற்ற குடும்பத்தின் நடமாட்டம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற ஒரு வரியை அப்படிவங்களில் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

அரசு அலுவலகங்களும் முன்மாதிரியாக விளங்கலாம். துறை வாகனங்களிலும் ஒப்பந்த வாகனங்களிலும் கருவி பொருத்தும்போது, எதற்காக, எவர் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்ற மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை கூறும் ஆணை பிறப்பித்து, அதன் நகலை ஓட்டுநரின் கையில் கொடுத்தல் நலம். தற்போது பல இடங்களில் ஓட்டுநரே கடைசியில் அறிந்துகொள்பவராக இருக்கிறார்.

கார் என்பது இரும்பும் இயந்திரமும் சேர்ந்த உடைமை. அதனை விற்கலாம், அடகு வைக்கலாம், பூட்டி வைக்கலாம். அதில் ஏறிச் செல்பவரின் போக்குவரத்து அவ்வாறு கைமாறும் உடைமை ஆகாது. ரசாயன லாரியின் இருப்பிடத்தை ஊருக்கு அறிவிக்க விதி வகுத்த நாம், ஊழியரின், மனைவியின், மகளின் இருப்பிடத்தை எவ்வளவு அறியலாம் என்பதற்கும் விதி வகுத்தால், தொழில்நுட்பத்தின் பயன் ஒருவருக்கும் அதன் சுமை மற்றொருவருக்கும் என்ற நிலை மாறும்.